உறுதியில் எழுதாத தண்ணீர்

கொழும்புப் புதுக்கடையில் நொத்தாரிசு கந்தோர் ஒன்றில் இருபத்திரண்டு வருடமாக உறுதி எழுதும் வேலை எனக்கு. காணி வாங்க வருகிறவர் கேட்கும் முதற் கேள்வி, "உரித்துச் சுத்தமா?" என்பதுதான். அதற்குப் பதில் சொல்வதற்காகக் காணிப் பதிவகத்தில் முப்பது வருட ஏடுகளைப் புரட்டுகிறோம். யார் யாருக்கு எழுதினார், எந்த வங்கியில் ஈடு கிடந்தது, ஈடு மீண்டதா, நன்கொடை கொடுத்தவர் சீவிய உரித்தைத் தனக்கு வைத்துக்கொண்டாரா என்று ஒவ்வொன்றாகத் தேடுகிறோம். யாழ்ப்பாணத்துக் காணி என்றால் உறுதியின் அட்டவணையில் கிணற்றுப் பங்கும் வழிவாய்க்காலும் தப்பாமல் இருக்கும். பன்னிரண்டில் ஒன்று, இருபத்துநாலில் ஒன்று என்று தலைமுறைக்குத் தலைமுறை உடைந்து வந்த பங்கு அது. அந்தப் பின்னத்தில் ஓர் இலக்கம் பிழைத்தாலும் வழக்கு வரும் என்பதால் நாலு தரம் ஒத்துப் பார்ப்பேன்.

அந்தக் கிணற்றிலுள்ள தண்ணீர் எப்படிப்பட்டது என்று இத்தனை வருடத்தில் என்னிடம் ஒருவரும் கேட்டதில்லை. கேட்கும்படி நானும் எவருக்கும் சொன்னதில்லை. என் தங்கை வத்தளைக்கு அப்பால், பைப் லைன் இன்னும் போகாத ஓர் ஒழுங்கையில் ஆறு பேர்ச் காணி வாங்கியபோதுதான் அந்தக் கேள்வி எங்கள் வீட்டுக்குள் வந்தது. உறுதியை நான்தான் எழுதினேன். பின்மூலையில் கொங்கிறீட் வளையம் இறக்கிய கிணறு. தண்ணீர் எப்படி என்று அவளிடம் கேட்டேன். "கண்ணாடி மாதிரி இருக்கு அண்ணா. காணி வித்தவர் என்ரை கண்ணுக்கு முன்னாலேயே ஒரு கிளாஸ் குடிச்சுக் காட்டினவர்" என்றாள். முப்பது வருட உரித்தைத் துருவிய நாங்கள், பிள்ளைகள் தினமும் குடிக்கப்போகும் தண்ணீருக்கு ஒரு கிளாஸ் சாட்சியோடு திருப்திப்பட்டிருக்கிறோம்.

இந்தக் கட்டுரை அந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறது. கிணற்றுத் தண்ணீரில் என்னென்ன கலக்கின்றன, அவற்றில் எதை நம் நாக்கும் மூக்கும் கண்டுபிடிக்கும், எதைக் கண்டுபிடிக்காது, இலங்கையில் இதுவரை என்ன நடந்திருக்கிறது என்பவற்றைத் தேடித் திரட்டியபோது எனக்குத் தெளிவான ஒன்று உண்டு. தண்ணீர் கெட்டுவிட்டது என்ற சந்தேகம் வந்த பிறகு சோதிப்பது பாதிப் பயன்தான் தரும். நன்றாக இருக்கிறது என்று நாம் நம்பும் காலத்திலேயே சோதித்து, அந்தத் தாளை உறுதியோடு சேர்த்து வைத்திருக்க வேண்டும்.

கொழும்பு நகரத்துக்குள் இருக்கிறவர்களுக்கு இது தூரத்துக் கதையாகத் தோன்றலாம். லபுகம நீர்த்தேக்கத்திலிருந்து குழாய் வழியாக 1886இல் கொழும்புக்குத் தண்ணீர் வந்துவிட்டது. புதுக்கடையிலும் கொட்டாஞ்சேனையிலும் வளவுக்குள் இருந்த கிணறுகள் மெல்லமெல்லத் தூர்ந்தன. குழாய்த் தண்ணீருக்குப் பின்னால் ஆய்வுகூடம் இருக்கிறது, குளோரீன் இருக்கிறது, பொறுப்புச் சொல்ல ஒரு சபை இருக்கிறது. ஆனால் நகரத்துக்குள் காணி வாங்க முடியாமல் வத்தளை, ராகமை, கடவத்தை என்று விலகிப்போகும் குடும்பங்களில் பல கிணற்றுக்குத் திரும்புகின்றன. ஊரில் இருக்கும் நம் உறவினர் கிணற்றைவிட்டு விலகவே இல்லை. தனியார் கிணற்றுக்குச் சொந்தக்காரரே நீர் வழங்கல் சபை, அவரே பரிசோதகர், அவரே பொறுப்பாளி. அவர் தானாகப் போய்க் கேட்டாலொழிய எவரும் ஒழுங்காக வந்து சோதிப்பதில்லை.

நம் நாட்டில் மட்டும் இப்படி என்று நினைக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் 1974இல் வந்த பாதுகாப்பான குடிநீர்ச் சட்டம் தனியார் கிணற்றைத் தொடுவதில்லை. அந்நாட்டுப் புவிச்சரிதவியல் அளவைத் திணைக்களம் சுமார் 2,100 வீட்டுக் கிணறுகளைச் சோதித்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ 23 வீதமானவற்றில் ஏதோ ஒரு பொருள் உடல்நல எல்லையைத் தாண்டியிருந்தது. அவற்றின் சொந்தக்காரரும் தங்கள் தண்ணீரைக் குடித்துக்கொண்டுதான் இருந்திருப்பார்கள்.

இனி, யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமத்திலுள்ள சுன்னாகம். என் கந்தோருக்குக் கூப்பிடு தூரத்தில்தான் உயர் நீதிமன்றம் இருக்கிறது. 2019 ஏப்ரல் 4ஆம் திகதி அங்கே வழங்கப்பட்ட ஒரு தீர்ப்பை, கிணறு வைத்திருக்கும் ஒவ்வொரு தமிழ்க் குடும்பமும் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். வலிகாமத்தில் கிணற்றில் வாளியை விட்டு இழுத்தால் மேலே ஒயில் படலம் மினுங்கியது. மணத்தது. அதைக் குடிக்க முடியாமல் சனங்கள் பௌசர் தண்ணீருக்கு வரிசையில் நின்றார்கள். சுற்றாடல் செயற்பாட்டாளர் ரவீந்திர குணவர்தன காரியவசம் 2015இல் அடிப்படை உரிமை மீறல் மனுவாக (141/2015) இதை உயர் நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்தார். தென்னிலங்கைச் சிங்களவர் ஒருவர் யாழ்ப்பாணத்துக் கிணறுகளுக்காக வழக்காடினார் என்பதை நன்றியோடு குறிப்பிட வேண்டும். மனுவில் முக்கியமாகப் பதில் சொல்ல வேண்டியிருந்தது சுன்னாகத்தில் அனல் மின்நிலையம் நடத்திய நோதேண் பவர் நிறுவனம். மத்திய சுற்றாடல் அதிகாரசபையும் முதலீட்டுச் சபையும் தம் கடமையைச் செய்தனவா என்பதும் கேள்வியாயிற்று.

நீதியரசர் பிரசன்ன ஜயவர்தன எழுதிய தீர்ப்பின்படி நிறுவனம் 2 கோடி ரூபா நட்டஈடு கட்ட வேண்டும். அது 500 பேருக்குக் குறையாத குடியிருப்பாளருக்கு, ஒருவருக்கு 40,000 ரூபாவுக்கு மேற்படாமல் பகிரப்பட வேண்டும். மாசுபடுத்தியவரே செலவைத் தாங்க வேண்டும் என்ற கொள்கையை நீதிமன்றம் இதில் பிரயோகித்தது. இந்தியாவில் பாலாற்றங்கரைத் தோல் பதனிடும் ஆலைகளால் வேலூர்ப் பக்கக் கிணறுகள் கெட்ட வழக்கில், 1996 ஆகஸ்டில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட அதே கொள்கைதான் இது. வேலூர்க் கிணறும் சுன்னாகக் கிணறும் சட்டப் புத்தகத்தில் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கின்றன.

ஒரு கிணறு கெட்டுப்போன குடும்பத்துக்கு 40,000 ரூபா என்ன தொகை? ஒயில் படிந்த கிணற்றைத் தூர் எடுக்கக்கூடக் காணாது. இருந்தாலும் அந்தத் தொகை கிடைத்தது எதனால் என்று யோசித்துப் பார்த்தால் என் விஷயம் விளங்கும். தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை 2013 நவம்பர் முதல் 2014 ஜூலை வரை மின்நிலையத்தைச் சுற்றி ஒன்றரைக் கிலோமீற்றருக்குள் இருந்த 150 கிணறுகளைச் சோதித்தது. அவற்றில் 109இல் எண்ணெய், கிறீஸ் வகை அனுமதித்த அளவைத் தாண்டியிருந்தது. நாலு கிணற்றில் மூன்று என்று சொல்லலாம். வாளியில் மினுங்கிய படலத்தை எத்தனை பேர் கண்ணால் கண்டாலும், நீதிமன்றத்தில் நின்று பேசியது அந்த அட்டவணை.

அதே வேளை, வடமாகாண சபை அமைத்த நிபுணர் குழு தண்ணீரில் ஆபத்தான எண்ணெய்க் கழிவு இல்லை என்ற முடிவுக்கு வந்தது. சனங்கள் திகைத்துப் போனார்கள். ஒரே ஊர், ஒரே தண்ணீர், இரண்டு அறிக்கை. ஆய்வுகூடத்தில் எதைத் தேடச் சொல்லிக் கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறும் என்பதைப் பொதுமக்களுக்கு அப்போது யாரும் சரியாக விளக்கவில்லை. எண்ணெய், கிறீஸ் என்று மொத்தமாக அளப்பது ஒரு சோதனை. புற்றுநோயைத் தரும் பென்சீன் போன்ற தனித்தனிச் சேர்வைகளைத் தேடுவது இன்னொன்று. முதலாவதில் அகப்படுவது இரண்டாவதில் அகப்படாமல் போகலாம். எந்தக் கிணற்றில், எந்த மாதத்தில், எவ்வளவு ஆழத்தில் மாதிரி எடுத்தார்கள் என்பதும் விடையை மாற்றும். ஒயில் தண்ணீருக்கு மேல் மிதக்கும். மாரியில் நீர்மட்டத்தோடு ஏறும். கோடையில் இறங்கும்போது வழியிலுள்ள மண்ணிலும் கல்லிலும் ஒட்டிக்கொள்ளும்.

இதைவிடப் பெரிய இடைவெளி ஒன்று இருந்தது. அந்த இடத்தில் நோதேண் பவர் வருவதற்குப் பல பத்தாண்டு முன்னரே எரிபொருளில் ஓடிய மின்நிலையம் இருந்தது. போரும் அதன் மேலால் போயிருந்தது. ஆகவே, 'இந்த ஒயில் எங்களுடையதல்ல, பழையது' என்று எவரும் வாதாடலாம். நிறுவனத்தின் வேலையும் மாசுக்கு ஒரு காரணம் என்று நீதிமன்றம் கண்டது. ஆனால் எவ்வளவு பழையது, எவ்வளவு புதியது என்று பிரித்துச் சொல்ல முந்திய அளவீடு வேண்டும். சுன்னாகத்தில் ஒரு நூறு வீட்டுக்காரர் 2005இல் தங்கள் கிணற்றைச் சோதித்துத் தாளை அலுமாரிக்குள் வைத்திருந்தால், அந்த வாதம் ஒரு நாளில் முடிந்திருக்கும். புதுக்கடையில் தினமும் காண்கிறேன். தாள் வைத்திருப்பவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு படியேறுவார். தாள் இல்லாதவர் அக்கம்பக்கத்தாரைச் சாட்சிக்கு அழைத்துக்கொண்டு அலைவார்.

யாழ்ப்பாணத்தில் இந்த மாசு இவ்வளவு தூரம் பரவியதற்கு நிலமும் காரணம். குடாநாடு சுண்ணாம்புக்கல்லின் மேல் இருக்கிறது. கல்லுக்குள் வெடிப்பும் பொந்தும் குகையும். கீரிமலையில் ஊறுவதும் நிலாவரையில் தேங்கி நிற்பதும் அதே கல்லுக்குள்ளால் ஓடும் தண்ணீர்தான். மணற்பாங்கான ஊரில் தண்ணீர் மெதுவாக வடிந்து இறங்கும்போது மண் அதை ஓரளவு வடித்துவிடும். சுண்ணாம்புக்கல்லில் அந்த வடிப்பு இல்லை. மேலே ஊற்றியது கீழே போய்விடும். குடாநாட்டின் நாலு நிலக்கீழ் நீர்ப்படுகைகளில் பெரியது வலிகாமத்தில் உள்ள சுன்னாகப் படுகை. அதற்கு மேலேதான் செம்மண்ணில் வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் உருளைக்கிழங்கும் நெருக்கி விளைகின்றன. வளவுக்கு வளவு மலகூடக் குழியும் இருக்கிறது.

ஆகவே ஒயிலைவிட நெடுநாளாக இருக்கும், ஒருவரும் காணாத மாசு நைத்திரேற்று. யூரியாவிலிருந்தும் மலகூடக் குழியிலிருந்தும் அது வருகிறது. நிறம் இல்லை, மணம் இல்லை, சுவை இல்லை. யாழ்ப்பாணக் கிணறுகளில் இது அதிகம் என்பதை அங்குள்ள விஞ்ஞானிகள் 1980களிலிருந்தே எழுதி வருகிறார்கள். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஹண்டர் கொம்லி என்ற வைத்தியர் 1945இல் ஒரு விஷயத்தைக் கண்டறிந்தார். பண்ணை வீட்டுக் கிணற்று நீரில் பால் கரைத்துக் கொடுத்த கைக்குழந்தைகள் உதடும் விரல் நுனியும் நீலம் பாய்ந்து கிடந்தன. குழந்தையின் வயிற்றில் நைத்திரேற்று வேறு வடிவத்துக்கு மாறி, இரத்தம் ஒட்சிசனைக் காவ முடியாதபடி செய்துவிடுகிறது. ஆறு மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்கே இது அதிக ஆபத்து. அதனால்தான் இலங்கைக் குடிநீர்த் தரமான 614:2013இல் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்று இருக்கிறது. தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்குப் பயமில்லை. பால்மா கரைக்கும் வீட்டில் கிணற்றுத் தண்ணீரைச் சோதிக்காமல் பாவிப்பதை நான் இப்போது பயத்தோடுதான் பார்க்கிறேன்.

இங்கே நம் வீடுகளில் வேரோடிப்போன ஒரு நம்பிக்கையைச் சொல்ல வேண்டும். "கொதிக்க வைச்சுக் குடிச்சால் ஒண்டும் செய்யாது." கிருமிக்கு அது சரி. நைத்திரேற்று, புளோரைட்டு, ஆசனிக்கு, உப்பு என்பவற்றுக்குக் கொதி ஒன்றும் செய்யாது. தண்ணீர் ஆவியாகப் போகப் போக மீதியில் அவை செறிகின்றன. யாழ்ப்பாணத்து வீட்டுக் கேத்திலின் அடியில் சிப்பிபோல் வெள்ளையாகப் படிந்திருப்பதைக் கண்டிருப்பீர்கள். அது சுண்ணாம்பு, கண்ணுக்குத் தெரியும்படி வெளியே வந்துவிட்டது. மற்றவை தண்ணீருக்குள்ளேயே நின்று தேநீரோடு போகின்றன. வடிகட்டிக் கருவி விற்கிறவர்களும் எந்தக் கருவி எதை எடுக்கும் என்று விளக்குவது குறைவு. கரி வடிகட்டி நாற்றத்தை எடுக்கும், நைத்திரேற்றை எடுக்காது. புற ஊதாக் கதிர் விளக்குக் கிருமியைக் கொல்லும், உப்பைத் தொடாது. சவ்வு வழியாக வடிக்கும் ஆர்.ஓ. கருவி பெரும்பாலானவற்றை எடுக்கும், பதிலுக்கு நிறையத் தண்ணீரை வெளியே தள்ளும். தண்ணீரில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் கருவி வாங்குவது, வருத்தம் என்னவென்று தெரியாமல் மருந்து வாங்குவது போன்றதுதான்.

வன்னிக்கும் வடமத்திக்கும் போனால் தண்ணீர் வேறு கதை சொல்லும். வவுனியா, அனுராதபுரம், பொலன்னறுவைப் பக்கம் பாறையிலிருந்தே புளோரைட்டு கரைந்து வருகிறது. பிள்ளைகளின் முன்பற்களில் மண்ணிறக் கறை விழுவது அதன் அடையாளம். இலங்கைத் தரத்தில் புளோரைட்டு எல்லை லீற்றருக்கு 1 மில்லிகிராம். உலக சுகாதார நிறுவனம் சொல்வது 1.5. வெக்கையான ஊரில் நாங்கள் அதிகம் தண்ணீர் குடிப்பதால் எல்லை கீழே இருப்பது நியாயம். மதவாச்சி, பதவியாப் பக்கங்களில் 1990களிலிருந்து கமக்காரரைத் தின்றுவரும் சிறுநீரக நோய்க்கு இதுதான் காரணம் என்று சிலர் சொல்வதுண்டு. வன்தண்ணீர், புளோரைட்டு, கிருமிநாசினி, வெயிலில் உடல் வரண்டுபோதல் என்று பல கருத்து உண்டு. எதுவும் தனிக் காரணமாக நிறுவப்படவில்லை. ஆனாலும் ஊற்றுத் தண்ணீர் குடித்தவர்களிடம் நோய் குறைவாக இருப்பதை ஆய்வாளர்கள் கவனித்திருக்கிறார்கள்.

மேற்குக் கரையில் கபுக்கல் நிலம். அங்கே தண்ணீர் இயல்பிலேயே அமிலத் தன்மை கொண்டது. பீ.எச். அளவு 6.5இலிருந்து 8.5க்குள் இருக்க வேண்டும். 5 என்று வந்தால் எல்லையிலிருந்து ஒன்றரைதான் குறைந்தது என்று தோன்றும். உண்மையில் அது முப்பது மடங்கு அமிலம். அப்படித் தண்ணீர் இராமுழுக்கக் குழாயில் நின்றால் பித்தளைப் பொருத்துகளிலிருந்து செம்பையும் ஈயத்தையும் கரைத்துக்கொண்டு காலையில் முதற் செம்பில் வந்து விழும். 2013 ஆகஸ்ட் 1ஆம் திகதி வெலிவேரியாவில் சனங்கள் தெருவுக்கு வந்தது தங்கள் கிணற்று நீரின் அமிலத்துக்காகத்தான். தொழிற்சாலையே காரணம் என்றார்கள் ஊரவர். இராணுவம் சுட்டது. மூன்று பேர் செத்தார்கள். அந்தக் கிணறுகளின் பத்து வருடப் பழைய அளவீடு கையில் இருந்திருந்தால், இது நிலத்தின் அமிலமா ஆலையின் அமிலமா என்பது தெருவில் இரத்தம் சிந்தித் தீர்க்க வேண்டிய கேள்வியாக இருந்திருக்காது.

சோதிக்காமல் செய்த நன்மை எப்படித் தீமையாகும் என்பதற்கு வங்காளதேசத்தைவிடப் பெரிய உதாரணம் உலகில் இல்லை. குளத்துத் தண்ணீர் குடித்துப் பிள்ளைகள் வயிற்றோட்டத்தில் சாவதைத் தடுக்க 1970கள் முதல் லட்சக் கணக்கில் குழாய்க் கிணறுகள் போட்டார்கள். கிருமி குறைந்தது உண்மை. ஆனால் நிலத்தடி ஆற்று வண்டலில் இயற்கையாக ஆசனிக்கு இருந்தது. அதைத் தேடி ஒருவரும் சோதிக்கவில்லை. 1990களில் கை கால்களில் கறுப்புப் புள்ளியும் தடிப்புமாகச் சனங்கள் வரத் தொடங்கினார்கள். பின்னர் சுமார் 50 லட்சம் கிணறுகளைச் சோதித்து, தப்பியவற்றின் வாயில் பச்சையும் தப்பாதவற்றில் சிவப்பும் பூசினார்கள். ஏறத்தாழப் பத்தில் மூன்று சிவப்பு. அந்த நிறம் ஒரு வேலை செய்தது. சிவப்புப் பூசிய வீட்டார் பச்சைக் கிணற்று வீட்டாரிடம் தண்ணீர் கேட்கப் போனார்கள். பக்கத்துப் பக்கத்துக் கிணறுகளில்கூட அளவு வேறுபட்டது. 'அயலவர் கிணறு நல்லது, எங்களதும் நல்லதாகத்தான் இருக்கும்' என்ற ஊகத்துக்கு அங்கே இடம் இருக்கவில்லை.

கிழக்கில் 2004 சுனாமிக்குப் பின் இன்னொரு பாடம். கடல் புகுந்த கிணறுகளை உடனே இறைத்துச் சுத்தமாக்க எல்லோரும் ஓடினார்கள். மட்டக்களப்புப் பக்கத்தில் உவர்ப்பை அளந்து பார்த்தவர்கள், அடுத்தடுத்து அதிகமாக இறைப்பது நன்மை தரவில்லை, மாரி மழையே உப்பைக் கழுவியது என்று கண்டார்கள். கை வைப்பதற்கு முன் அளக்க வேண்டும்.

மீண்டும் என் தங்கையின் ஆறு பேர்ச். இந்தக் கணக்கை நான் எத்தனையோ வரைபடங்களில் கண்டும் யோசித்ததில்லை. ஒரு பேர்ச் ஏறத்தாழ 25 சதுர மீற்றர். ஆறு பேர்ச் 152. சதுரமான காணி என்று வைத்துக்கொண்டால் பக்கம் 12 மீற்றர் சொச்சம். மலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் 15 மீற்றராவது, முடிந்தால் 30 மீற்றர் இருக்க வேண்டும் என்பதுதான் சுகாதாரத் துறையினர் வழமையாகச் சொல்வது. ஆறு பேர்ச்சில் அந்த இடைவெளியை வைக்க வேண்டுமானால் கிணற்றை ஒரு மூலையிலும் குழியை நேர் எதிர் மூலையிலும் வைக்க வேண்டும். அப்படி வைத்தால் குழி அயல் வீட்டுக் கிணற்றுக்குப் பக்கத்தில் போகும். மதிலுக்கு அங்கால் அவர்களும் அதையே செய்திருப்பார்கள். காணியைத் துண்டு துண்டாகப் பிரித்து உறுதி எழுதுகிறவர்களில் நானும் ஒருவன். மதில் நிலத்துக்கு மேலேதான் இருக்கிறது என்பதை எந்த வரைபடமும் காட்டுவதில்லை.

கடைசியில் ஒரு சனிக்கிழமை போத்தலோடு போனேன். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் இருக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கேட்டால் எங்கே கொடுப்பது என்று வழிகாட்டுவார். நீர் வழங்கல் சபையின் ஆய்வுகூடமும் கொழும்பில் கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவகமும் தண்ணீர் சோதிக்கின்றன. கிருமிக்கு ஒரு போத்தல், இரசாயனத்துக்கு இன்னொன்று. கிருமிப் போத்தல் ஆய்வுகூடத்திலேயே கிருமி நீக்கி, கழுத்தைத் தாளால் சுற்றிக் கட்டித் தருவது. அதைக் கழுவக்கூடாது, மூடியின் உட்புறத்தை விரலால் தொடக்கூடாது. மற்றப் போத்தலை அதே தண்ணீரால் மூன்று தரம் அலச வேண்டும். தங்கை வீட்டில் கிணற்றிலிருந்து மோட்டர் இழுத்துக் கூரைத் தாங்கிக்கு ஏற்றுகிறது. தாங்கிக்குப் பிறகு எடுத்தால் தாங்கியின் ஊத்தையும் சேரும் என்பதால் மோட்டருக்குப் பக்கத்துப் பைப்பில் எடுத்தோம். வாயைத் துடைத்து, ஸ்பிரிட் பஞ்சைக் கொளுத்திப் பிடித்து, மூன்று நிமிடம் தண்ணீரை ஓடவிட்டோம். பிறகு மூச்சை அடக்கிக்கொண்டு போத்தலைப் பிடித்தேன், மேலே ஒரு விரல் இடம் விட்டு. ஐஸ் போட்ட ரெஜிபோம் பெட்டிக்குள் வைத்து முச்சக்கர வண்டியில் வந்தோம். ஆறு மணித்தியாலத்துக்குள் கொடுத்தால் நல்லது. பிந்தினால் போத்தலுக்குள்ளேயே கிருமிகள் பெருகும் அல்லது சாகும், கணக்குப் பிழைக்கும்.

விடை வந்தது. நைத்திரேற்று எல்லைக்குள், ஆனால் பாதியைத் தாண்டி. பீ.எச். குறைவு. ஈ.கோலை இருக்கிறது. அந்தக் கிருமி மனிதனின் அல்லது விலங்கின் குடலிலிருந்து மட்டுமே வருவது. நூறு மில்லிலீற்றரில் ஒன்றுகூட இருக்கக்கூடாது என்பது தரம். கண்ணாடிபோல் இருந்த தண்ணீரில் மலம் கலந்திருக்கிறது என்பதை அந்த ஒற்றை வரியிலிருந்துதான் அறிந்தோம். காணி விற்றவர் பொய் சொல்லவில்லை. அவர் அதைத்தான் குடித்துக்கொண்டிருந்தார்.

கிணற்று வாயைச் சுற்றிச் சீமெந்து போட்டு உயர்த்தினார்கள். வளைய மூட்டுகளைப் பூசினார்கள். பரிசோதகர் சொன்ன அளவில் குளோரீன் தூள் கரைத்து விட்டு ஒரு நாள் வைத்து இறைத்தார்கள். குடிக்கும் தண்ணீரை இப்போது கொதிக்க வைக்கிறார்கள். இங்கே கிருமிதான் என்று தெரிந்துவிட்டதால் கொதிக்கு அர்த்தம் உண்டு. மழை தொடங்கியதும் ஒரு தரம், வருடத்துக்கு ஒரு தரமாவது மறுபடி சோதிக்க வேண்டும். முதல் மழைதான் நிலத்தின் மேலிருப்பதையெல்லாம் கிணற்றுக்குள் கழுவி இறக்கும். 2016 மேயில் களனி பெருகிக் கொலன்னாவையும் வெல்லம்பிட்டியும் மூழ்கியதுபோல் வெள்ளம் வந்தால், காத்திருக்காமல் உடனே.

கந்தோரில் நான் செய்யத் தொடங்கியிருக்கும் சிறு மாற்றம் ஒன்று உண்டு. கிணறு உள்ள காணி வாங்க வருகிறவரிடம் உரித்து ஆய்வுத் தாள்களோடு தண்ணீர்ச் சோதனைத் தாளும் கேட்கிறேன். சட்டம் அப்படிக் கேட்பதில்லை, ஆகவே கட்டாயப்படுத்த எனக்கு அதிகாரம் இல்லை. கேட்க வேண்டும் என்று சட்டம் வந்தால் நல்லது என்பது என் உறுதியான எண்ணம். காணி கைமாறும் ஒவ்வொரு முறையும் ஒரு சோதனை என்று வைத்தால், இருபது வருடத்தில் நாட்டுக் கிணறுகளின் வரலாறு பதிவகத்திலேயே சேர்ந்துவிடும். சிலர் எரிச்சல்படுகிறார்கள். சிலர் போய்ச் சோதித்துக்கொண்டு வருகிறார்கள்.

போன மாதம் தங்கை வீட்டுக்குப் போனபோது மதிலுக்கு மேலால் அயல் வீட்டு ஐயா எட்டிப் பார்த்தார். அவருடைய குழி தங்கையின் கிணற்றிலிருந்து எட்டு மீற்றர். இந்தக் கதையை எப்படித் தொடங்குவது என்று நாங்கள் கனநாளாகத் தயங்கிக்கொண்டிருந்தோம். அவரே தொடங்கினார். "தம்பி, உங்கட தண்ணியைச் சோதிச்சனீங்களாம். எங்கட கிணத்துக்கும் ஒரு போத்தல் எடுத்துத் தாறீங்களே? மகளுக்குப் பிள்ளை பிறக்கப் போகுது" என்றார். அன்று ஞாயிற்றுக்கிழமை, ஆய்வுகூடம் பூட்டு. திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.